பெட்டியில் பென்குயின், உள்ளே யார்?

திருகோணமலையில் கடை வைத்துக் கணினி பார்க்கும் எனக்கு நிலாவெளி வாசகர் ஒருவரின் கேள்வி
2025 மே 3, காலை 9.40

அண்ணா, பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருந்த வைஃபை செத்துவிட்டது. யூஎஸ்பியில் செருகும் வைஃபை குச்சி ஒன்று வாங்கினேன். பெட்டியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் இருக்கிறது, லினக்ஸில் வேலை செய்யும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. திருத்தும் வழி ஒரு புறம் இருக்கட்டும். இந்த வன்பொருள் நிறுவனங்கள் நிரலை எல்லோருக்கும் திறந்து காட்டும் திறந்த மூலக்காரர்களோடு நல்லுறவு என்று சொல்வதெல்லாம் வெறும் பேச்சுத்தானே? ஊரான் இலவசமாக டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் நிரல்) எழுதிக் கொடுப்பான், லாபம் அவர்களுக்குப் போகும். நான் சொல்வது பிழை என்றால் காட்டுங்கள்.

மே 3, இரவு 10.15

பிழை பாதி, சரி பாதி. முதலில் குச்சியைப் பார்ப்போம்.

இந்தக் குச்சிகளோடு எனக்குப் பழைய பகை இருக்கிறது. போன வருடம் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரிப் பெட்டியில் வந்த இரண்டு குச்சிகளை வாங்கினேன். ஒன்று செருகியவுடன் ஓடியது. மற்றது பிணம். மெல்லிய சவர அலகை இடுக்கில் விட்டு இரண்டின் மூடியையும் திறந்தேன். பலகையின் அளவு ஒன்று, நிறம் ஒன்று, நடுவில் இருந்த சிப் வேறு வேறு. பெட்டியில் ஒரே பெயர், ஒரே மாதிரி எண். எங்கோ ஒரு மூலையில் மிளகு அளவு எழுத்தில் "பதிப்பு 2" என்று இருந்ததைக் கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

ஆகவே தம்பி, பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். குச்சியைச் செருகிவிட்டு, இணைந்திருக்கும் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுங்கள். நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, பிறகு நான்கு இலக்கம். கருவியின் அடையாள எண் அதுதான், இங்கே எழுதுங்கள். என் ஊகம், உங்களுடையதிலும் சிப்பை மாற்றியிருக்கிறார்கள்.

மே 3, இரவு 11.30

நித்திரை வரவில்லை. "வேலை ஊரானுக்கு" என்றீர்களே, அதற்குப் பதில்.

ஊரான் தானாகத்தான் வந்து கேட்டான். 2007 ஜனவரியில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் எல்லா நிறுவனங்களுக்கும் வெளிப்படையாக ஓர் அழைப்பு விடுத்தார். உங்கள் கருவிக்கு இலவசமாக நாங்களே டிரைவர் எழுதித் தருகிறோம், பராமரிக்கவும் செய்கிறோம், கருவியின் விவரக் குறிப்பும் சந்தேகம் கேட்க ஒரு பொறியியலாளரும் போதும், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது என்பது அதன் சாரம். கூலி கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கடதாசியும் காதும்.

நிரலைத் திறந்து வைக்கும் இந்த இயக்கமே ஒரு வன்பொருளின் மூடிய வாயிலிருந்து பிறந்ததுதான். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அடிக்கடி தாள் சிக்கும். முன்பிருந்த அச்சுப்பொறியில், தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றியிருந்தார். புதியதற்கு, மாற்றுவதற்கு வேண்டிய மூலநிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன் என்றார் அவர். 1983இல் ஸ்டால்மன், யாரும் பார்த்து மாற்றக்கூடிய இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை அறிவித்தார். தாள் சிக்கியது சின்ன விஷயம், அது எங்கே போய் நின்றது பாருங்கள்.

மே 4, காலை

ஒரு சிறு குறுக்கீடு. நேற்று உள்துறைமுக வீதிப் பக்கம் மீன் சம்மாட்டி ஒருவரின் கணினியைப் பார்க்கப் போயிருந்தேன். "ஐயா, இந்த பிரின்டருக்கு டிரைவர் இல்லை, அதனால்தான் ஓடவில்லை" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "மருமகன் சும்மாதான் இருக்கிறான், லொறி ஓட்டத் தெரியும், அனுப்பவா?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். இன்னும் அவர் கேலி செய்தாரா, உண்மையாகக் கேட்டாரா என்று தெரியவில்லை.

மே 5, மாலை 6.00

ரவுட்டரைப் பற்றி எழுதுங்கள் என்று உப்புவெளியில் விடுதி நடத்தும் நண்பர் கேட்கிறார். அவர் விடுதியில் இருபது அறைக்கும் நான் வைத்த ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருள்தான் ஓடுகிறது, ஆகவே அவருக்கு அக்கறை.

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர். நீலமும் கறுப்பும், முதுகில் இரண்டு கொம்பு. 2002 கடைசியில் சந்தைக்கு வந்தது. 2003இல் சிலர் உள்ளே நோண்டிப் பார்த்து, இதில் லினக்ஸ் அல்லவா ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதைக் கருவிக்குள் வைத்து விற்றால், கேட்பவருக்கு மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் லிங்க்சிஸைச் சிஸ்கோ நிறுவனம் வாங்கியிருந்தது. அழுத்தம் கூடியதும் மூலநிரலை வெளியிட்டார்கள். மனமுவந்து கொடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நிரலிலிருந்துதான் 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி கிளம்பியது. மலிவு ரவுட்டர் ஒன்று, பெரிய நிறுவனங்களின் கருவி செய்யும் வேலைகளைச் செய்யத் தொடங்கியது. அதற்காகவே அதைத் தேடி வாங்கினார்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்த இடம். 2005இல் அதே பெட்டியில், அதே நீலத்தில், ஐந்தாம் பதிப்பு வந்தது. லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளம் வந்திருந்தது. நினைவகம் 16 மெகாபைட்டிலிருந்து 8 ஆனது, ஃபிளாஷ் சேமிப்பு 4இலிருந்து 2 ஆனது. பழக்கத்தில் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் ஏமாந்தார்கள். கூச்சல் எழுந்தது. நிறுவனம் பழைய வன்பொருளையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாகக் கொண்டுவந்தது. அந்தக் கடைசி எழுத்து லினக்ஸுக்கு. விலை கூட. பிறகும் பல வருடங்கள் விற்றது.

எனக்கு அந்த ஓர் எழுத்தில்தான் நல்லுறவு தெரிகிறது. மேடைப் பேச்சு இல்லை, இலவச டிசேட் இல்லை. உள்ளே வேறு சாமான் இருந்தால் வெளியே வேறு பெயர் போட்டார்கள். அவ்வளவுதான்.

மே 9, இரவு

கொழும்பில் சிப் வடிவமைப்பில் வேலை செய்யும் ஒருவர் என் காதைத் திருகியிருக்கிறார். "நிறுவனங்கள் மறைப்பது குணக்கேட்டால் மட்டும் என்று எழுதுகிறீர்கள். ஒரு சிப்புக்குள் பத்துப் பேரிடம் உரிமம் வாங்கிய துண்டுகள் இருக்கும். அவர்கள் சம்மதிக்காமல் ஒரு பக்கம்கூட வெளியே விட முடியாது. வானலைக் கருவி என்றால், வலிமையைக் கண்டபடி கூட்ட விடாமல் பார்ப்பதும் சட்டப்படி எங்கள் தலையில்தான்" என்கிறார்.

நியாயம். நான் அப்படி யோசிக்கவில்லை. வாசலில் நின்று கத்துபவனுக்கு வீட்டுக்குள் எத்தனை பங்காளிகள் என்று தெரியாது.

ஆனால் பங்காளிகள் இருக்கும் வீட்டிலும் கதவு திறந்திருக்கிறது. சிப் நிறுவனமான ஏஎம்டி 2006இல், வரைகலைச் சிப் செய்யும் ஏடிஐயை வாங்கியது. 2007 செப்டெம்பரில், வரைகலைச் சிப்களின் ஆவணங்களை வெளியே விடுவோம், திறந்த டிரைவருக்குத் துணை நிற்போம் என்று அறிவித்தது. ஒரே நாளில் கொட்டவில்லை. சட்டத்தரணிகள் பார்த்துப் பார்த்துப் பகுதி பகுதியாக விட்டார்கள். சொன்னதை நிறுத்தவில்லை, அதுதான் பெரிது. இன்று என் மேசையில் ஏஎம்டி கணினி வந்தால், திரை வருமா என்று நான் யோசிப்பதே இல்லை.

எதிர்ப்புறம், வரைகலைச் சிப் செய்யும் என்விடியா. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி, நாங்கள் பட்ட பாட்டில் இதுதான் மிக மோசமான நிறுவனம் என்றார். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. பத்து வருடம் கழித்து, 2022 மே மாதம், என்விடியா தன் லினக்ஸ் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது. கைதட்டினோம். கிட்டப் போய்ப் பார்த்தால், முக்கியமான வேலைகளில் பெரும்பகுதி வரைகலைச் சிப்புக்குள்ளேயே ஓடும் மூடிய நிரலான ஃபர்ம்வேருக்குப் போயிருந்தது. அலுமாரியை உள்ளறைக்கு நகர்த்திவிட்டு முன்கதவைத் திறந்தார்கள். ஆனாலும் திறந்த கதவு திறந்த கதவுதான், என்விடியா சிப்புக்குத் திறந்த டிரைவர் எழுதும் நுவோ திட்டக்காரர்களுக்கு அதிலிருந்து நிறையக் கிடைத்தது.

மே 10, பின்னேரம்

"எந்த நிறுவனம் சரியாகச் செய்தது, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். என் மேசை லாச்சியைத் திறந்தால் பதில் கிடைக்கும். அதில் கிடப்பது முழுக்க ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 வைஃபைச் சிப்.

2014இல் இது வெளியே வந்தபோது, வேறு கருவிக்கு வைஃபை கொடுக்கும் ஒட்டுச்சாமானாகத்தான் விற்றார்கள். ஆவணம் சீன மொழியில். ஆனால் விலை அப்போதைய வைஃபை பலகைகளில் ஒரு சிறு பங்கு. பொழுதுபோக்குக்காரர்கள் மொழிபெயர்த்தார்கள், நிரலைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றும் கருவிச்சங்கிலியைத் தாங்களே ஒட்டுப்போட்டார்கள், இதற்குள்ளேயே நம் நிரலையும் ஓட்டலாம் என்று காட்டினார்கள். ஷாங்காய்க்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. மேம்பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார்கள். ஆவணத்தை ஆங்கிலத்தில் போட்டார்கள். அதன்பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வெளியில் இருந்து இந்தச் சிப்புக்கு ஆர்டுயினோ (எளிதாக நிரல் எழுத உதவும் தளம்) தொகுப்பை எழுதிய இவான் குரோகோட்கோவ், ஸ்பிரைட் என்ற பெயரில் அறியப்பட்ட யெரூன் டோம்பர்க் ஆகியோரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சிப்பான ஈஎஸ்பி32 வந்தபோது மேம்பாட்டுத் தொகுப்பும் பொது இடத்திலேயே வளர்ந்தது.

வைஃபை பகுதி இன்னும் மூடிய நூலகம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. மூடிய பகுதி எது, திறந்த பகுதி எது என்று தெரிந்தால் போதும், நான் கோபிக்க மாட்டேன்.

மே 10, இரவு

நிறுவனங்கள் டிரைவர் எழுதுபவர்களுக்கு இலவசமாகப் பலகை அனுப்பினால் போதாதா என்று ஒருவர் கேட்கிறார். அனுப்பட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பலகையோடு பேசத் தெரிந்த ஆளும் வேண்டும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையின் கதை தெரியும்தானே. 2012இல் வந்தது. அதன் வரைகலைப் பகுதி பிராட்காம் என்ற சிப் நிறுவனத்துடையது, பூட்டுப் போட்டது. 2014 பெப்ரவரியில் பிராட்காம் அந்தப் பகுதிக்கான ஆவணத்தை வெளியிட்டது. ராஸ்பெரி பை அறக்கட்டளை, குவேக் 3 விளையாட்டைத் திறந்த டிரைவரில் ஓட வைப்பவருக்கு 10,000 டொலர் பரிசு என்றது. சில வாரங்களில் சைமன் ஹால் என்பவர் அதை வென்றார். பரிசு முடிந்ததும் கதை முடிந்திருக்கும். முடியவில்லை, ஏனென்றால் அதே வருடம் எரிக் ஆன்ஹோல்ட் என்ற வரைகலை டிரைவர் எழுத்தாளரைப் பிராட்காம் சம்பளத்துக்கு எடுத்தது. அவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். பரிசு வாணவேடிக்கை, சம்பளம் அடுப்பு.

மே 13

வெசாக் விடுமுறை. கடை பூட்டு. கச்சான் காற்று வாயில் மண்ணைப் போடுகிறது. எழுத ஒன்றும் இல்லை.

அல்லது ஒன்று. லாரி ஃபிங்கர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வைஃபை டிரைவர்களோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் தெரியும். யாரும் சம்பளம் கொடுக்காமல் நீண்ட காலம் லினக்ஸின் வைஃபை டிரைவர்களைப் பராமரித்தார். மன்றங்களில் முகம் தெரியாதவர்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார். 2024 ஜூனில் காலமானார், வயது 84. நிலாவெளித் தம்பி சொன்ன "வேலை ஊரானுக்கு" என்பதை நினைக்கும்போது இவர் முகம்தான் வருகிறது. அந்த இடத்தில் தம்பி சொன்னது சரி.

மே 17, சனி, மதியம்

தம்பி நேரிலேயே வந்துவிட்டார். நிலாவெளி பஸ்ஸில் இறங்கி, குச்சியைப் பெட்டியோடு கொண்டுவந்தார். பெட்டியை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். நாங்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே சரசரவென்று சத்தம். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு நிற்கிறது. விரட்டியபோது பென்குயின் இடுப்புக்குக் கீழ் இல்லை. திருகோணமலையில் எதையும் திண்ணையில் வைக்கக் கூடாது என்று வெளியூர்க்காரருக்குச் சொன்னால் புரியாது, நிலாவெளிக்காரருக்கும் தெரியாமல் போனதே.

இப்போது நான் தலைகுனிய வேண்டிய பகுதி. மே 3இல் சிப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று ஊகம் சொன்னேன் அல்லவா? மாற்றவில்லை. செருகி எண்ணைப் பார்த்தேன். அந்தக் குச்சி தன்னை வைஃபை என்று சொல்லவே இல்லை. சிடி என்று சொல்லிக்கொண்டது. விண்டோஸுக்கான டிரைவரை வயிற்றுக்குள் சிடி போல வைத்துக்கொண்டு, முதலில் அந்த வேடத்தில் எழும்புகிறது. விண்டோஸில் டிரைவர் ஏறியதும் வேடத்தைக் கலைத்து வைஃபை ஆகிறது. லினக்ஸில் அதற்கு யாராவது "சிடியே, வெளியே போ" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரே கட்டளை. வெளியேறியது, இரண்டு வினாடியில் வேறு எண்ணோடு திரும்பி வந்தது, நீல விளக்கு மினுங்கியது. கெர்னலில் டிரைவர் முன்பே இருந்தது.

ஆகவே பெட்டியில் அச்சிட்டிருந்தது பொய் இல்லை. அரைகுறை. இந்த வேடதாரிக் கருவிகளைத் திருப்பி எழுப்புவதற்கென்றே யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்று ஒரு நிரல் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கருவிகளின் எண்களைப் பயனர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். தம்பியின் குச்சி அந்தப் பட்டியலில் இல்லை. பெட்டியின் பின்புறத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்குப் பஸ் காசு மிச்சம். எண்ணைச் சேர்க்கும்படி அவரையே எழுத வைத்தேன்.

மே 18, காலை

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கிண்ணியாவிலிருந்து ஓர் இளைஞர்: "நானா, நீங்கள் செய்து விற்கும் ஐஸ் அறை அலாரத்தின் மூலநிரல் எங்கே கிடைக்கும்? எங்கள் வாப்பாவின் மீன் வாடியில் ஒன்று மாட்டியிருக்கிறது."

அது வேறு விஷயம். அது என் பிழைப்பு.

மே 18, இரவு

காலையில் எழுதிய இரண்டு வசனத்தை அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், என் லட்சணம் தெரியட்டும்.

விவரம் இதுதான். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற காலத்தில், ஐஸ் அறைகளில் மீன் கெட்டு நிறையப் பேர் நட்டப்பட்டார்கள். அப்போது ஒரு சின்னக் கருவி செய்தேன். ஈஎஸ்பி8266 ஒன்று, கம்பி நுனியில் வெப்ப உணரி ஒன்று, ரிலே என்ற மின் ஆளி வழியாக ஒரு சைரன், ஒரு பற்றரி. அறை சூடேறினால் கத்தும், தொலைபேசியில் பார்க்க ஒரு பக்கமும் காட்டும். இதுவரை பதினொன்று விற்றிருக்கிறேன். யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று சிப்பின் உலோக மூடியில் இருந்த எழுத்தை அரத்தாளால் தேய்த்தேன். பதினொன்றிலும். வெள்ளி நிறம் போய் மங்கும் வரை, வட்டம் வட்டமாக. விரல் நுனி காய்ந்தது. பிறகு பலகையின் மேல் கறுப்புப் பசை ஊற்றினேன்.

இன்னும் கேளுங்கள். என் நிரல் இவான் எழுதிய ஆர்டுயினோ தொகுப்பின் மேல் நிற்கிறது. அது எல்ஜிபிஎல் உரிமம். என் நிரலைக் காட்டாமல் இருக்கலாம், ஆனால் வாங்கியவர் அந்தத் தொகுப்பை மாற்றி, என்னுடையதோடு மறுபடி சேர்த்து ஏற்றிக்கொள்ள வழி விட வேண்டும். நான் விட்டது கறுப்புப் பசை. லிங்க்சிஸைப் பற்றி மே 5இல் எழுதியபோது என் குரலில் இருந்த பெருமையை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

மே 19

சிலர் ஆறுதல் சொல்கிறார்கள், சின்னக் கடைக்காரர் என்ன செய்வார் என்று. கொழும்புப் பொறியியலாளர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "பங்காளிகள் இல்லாத வீட்டிலும் கதவு பூட்டித்தான் இருக்கிறது போல." அடி சரியான இடத்தில்.

மே 25, ஞாயிறு

இணையத்தில் போட்டுவிட்டேன். அலாரத்தின் நிரல், சுற்றுப்படம், சாமான் பட்டியல், எல்லாம். சுற்றுப்படம் கொப்பியில் பேனையால் கீறியதைப் படமெடுத்ததுதான், அழகு பார்க்க வேண்டாம்.

மே 26, காலை 6.30

பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கிண்ணியாத் தம்பி பிழை கண்டுபிடித்துவிட்டார்.

என் கருவிகளில் ஒரு நோய் உண்டு. மின்சாரம் போய் வந்தால் சில நேரம் எழும்பும், சில நேரம் எழும்பாது. பற்றரிதான் காரணம் என்று மூன்று வருடமாகப் பற்றரியை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது: "நானா, ரிலேயைச் சிப்பின் 15ஆம் முனையில் கொடுத்திருக்கிறீர்கள். சிப் விழிக்கும் நேரத்தில் அந்த முனையில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் ரிலேப் பலகை அதை 5 வோல்ட் பக்கத்திலிருந்து மேலே இழுக்கிறது. நடுவாந்தர அழுத்தத்தில் தொங்குவதால்தான் ஒரு நேரம் விழிக்கிறது, ஒரு நேரம் விழிக்காது. 5ஆம் முனைக்கு மாற்றுங்கள்."

மாற்றினேன். இருபது முறை மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினேன். இருபது முறையும் எழும்பியது.

15ஆம் முனை பற்றிய அந்த விஷயம் எஸ்பிரெசிஃப் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. கடதாசி கொடு, கடதாசி கொடு என்று மூன்று கிழமையாக இங்கே கூவியவன் கொடுத்த கடதாசியை வாசிக்கவில்லை. பொறியியலாளருக்கு இன்னொரு வரி எழுத வாய்ப்பு.

மே 31

பதினொன்றில் ஒன்பதைத் திருத்திவிட்டேன். அலஸ் தோட்டத்தில் இரண்டு, மீன் சந்தைப் பக்கம் நான்கு, மிச்சம் கிண்ணியா. கறுப்புப் பசையைச் சூடு காட்டிச் சுரண்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். ஊற்றியவனைத் திட்டிக்கொண்டே சுரண்டினேன்.

ஜூன் 7, இரவு

மூதூரில் ஒருவர் என் சுற்றுப்படத்தைப் பார்த்து அதே கருவியைச் செய்து விற்கிறார். என் விலையை விட 1,500 ரூபாய் குறைவு. செய்தி சொன்னவர்களுக்கு என்னை விடக் கோபம்.

எனக்கும் கோபம் வந்தது, மறைப்பானேன். அந்தக் கோபத்தில் நினைவுக்கு வந்தது எஃப்டிடிஐ. யூஎஸ்பி மாற்றிச் சிப் செய்பவர்கள். அவர்கள் சிப்பைப் பலர் போலியாகச் செய்து விற்றார்கள். 2014இல் விண்டோஸ் வழியாக வந்த அவர்களின் புது டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கியது. கருவி செத்தது போலக் கிடந்தது. போலி செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் விற்றுக் காசு வாங்கியாயிற்று. எது அசல், எது போலி என்றே தெரியாமல் வாங்கியவர்கள்தான் அகப்பட்டார்கள். எதிர்ப்புக் கிளம்ப, அந்த டிரைவரை விலக்கிக்கொண்டார்கள். அசல் செய்தவர்களுக்கு நியாயம் இருந்தது. இருந்தும் அன்றைக்குப் பிறகு அந்தப் பெயரைக் கண்டால் ஒதுங்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

நான் மூதூர்க்காரருக்கு ஒன்றும் எழுதவில்லை. உரிமத்தில் என் பெயரை விட்டுவைக்க வேண்டும் என்று போட்டிருந்தேன். விட்டுவைத்திருக்கிறார். பக்கத்தின் அடியில் என் கடைப் பெயர், தொலைபேசி எண்ணோடு அப்படியே இருக்கிறது.

ஜூன் 12, அதிகாலை 2.50

இப்போதுதான் தொலைபேசியை வைத்தேன். மூதூரிலிருந்து ஒரு பெரியவர். "தம்பி, உங்கள் மெஷின் கத்துகிறது. ஐஸ் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை, சாத்திவிட்டேன். ஆனாலும் கத்துகிறது. தெரு முழுக்க எழும்பிவிட்டது, எப்படி நிறுத்துவது?" பின்னால் சைரன் கேட்டது. என்னுடையதை விடச் சத்தம் கூட.

நான் விற்றது இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்த நேரத்தில் அதை விளக்க முடியுமா? "இடது பக்கப் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள்" என்றேன்.

"இடது பக்கம் பொத்தான் இல்லையே. வலது பக்கம்தான் ஒன்று இருக்கிறது."

"அதை அழுத்துங்கள்."

சத்தம் நின்றது. அவர் வாழ்த்திவிட்டு வைத்தார்.

நித்திரை போய்விட்டது. ஏன் வலது பக்கம் என்று யோசித்துக்கொண்டு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் வைத்தால் பொத்தானிலிருந்து சிப்புக்குப் போகும் கோடு மின் வழங்கியைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. என்னுடையதில் சில நேரம் யாரும் தொடாமலே சைரன் நின்றுவிடும் என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள், அப்படிச் சுற்றிப் போகும் கோடுதான் காரணமாக இருக்கும். அடுத்த பலகையில் நானும் வலது பக்கம்தான் வைக்கப் போகிறேன். மூதூர்க்காரரின் எண் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள், அந்தச் சைரனை எங்கே வாங்கினார் என்றும் கேட்க வேண்டும்.